மந்தைவெளியிலிருந்து வர வேண்டிய குருவி

1

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிற நண்பர்கள் தவறாமல் கேட்பது, "அங்கே வசந்த காலம் எப்படி இருக்கும்?" என்றுதான். நான் மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் வசந்தா என்று இரண்டு பேர் இருந்தார்கள், வசந்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை. பொங்கல் முடிந்தால் கொஞ்ச நாள் பனி, அப்புறம் வெயில்.

இப்போது நான் இருப்பது பின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். காகித ஆலைக்கு இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை. ஏப்ரல் கடைசியிலும் கார் நிறுத்துமிடத்தின் மூலையில் கரிபிடித்த பனிக்குவியல் கரையாமல் கிடக்கும். மரத்தில் இலை இருக்காது. காலண்டரைப் பார்த்தால் வசந்தம், ஜன்னலைப் பார்த்தால் இல்லை. அப்படியானால் வந்துவிட்டது என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? பறவைகளை வைத்துத்தான். முதலில் வானம்பாடி, பிறகு வாலாட்டிக் குருவி, பிறகு தகைவிலான். எந்த வயலில் யார் முதல் வானம்பாடியைக் கேட்டார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் போடுவார்கள். நாள் முழுக்க வாய் திறக்காமல் வேலை செய்யும் என் சக ஊழியர் ஒருவர், ஒரு நாள் என் மேஜை அருகே வந்து நின்று, "வானம்பாடி வந்தாயிற்று" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முதல் வருஷம் எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது தொண்ணூற்றொன்பது மே மாதம். தகைவிலான் வரைக்கும் வந்தாயிற்று. எல்லாவற்றுக்கும் கடைசியாக வரும் ஒரு குருவிக்காக நானும் என் மகள் கயலும் தினமும் காலையில் போய் நிற்கிறோம். அதன் கதையைத்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நடந்தது போன வருஷம். ஆனால் அதற்கும் இரண்டு வருஷம் முன்னால் போய்த்தான் தொடங்க வேண்டும்.

2

அம்மா தொண்ணூற்றாறு மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை இறந்துபோனாள். இங்கே காலை ஏழு மணி இருக்கும், அப்பா போன் செய்தார்.

"அம்மா போயிட்டாடா. காலையில நெஞ்சு வலின்னா. அவ்வளவுதான்."

கிளம்பி வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பாஸ்போர்ட் கையில் இல்லை என்பது உறைத்தது. நாங்கள் இங்கே தங்குவதற்கான அனுமதி டிசம்பரிலேயே முடிந்திருந்தது. முடிவதற்கு முன்னாலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். படிவம் சமையலறை இழுப்பறையில் கிடந்தது. என் மனைவி மாலதி வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டினாள். நான் நாளைக்கு, நாளைக்கு என்று பிப்ரவரி வரை தள்ளிவிட்டேன். தாமதமாகக் கொடுத்ததால் பாஸ்போர்ட்டைத் தலைநகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

படிவத்தைக் கொடுத்த அலுவலகம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். ஆங்கிலம் பேசுகிற அம்மாள் அன்று விடுப்பு. எனக்குத் தெரிந்த பின்னிஷ் மொழியில், "நான் என் அம்மாவைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லப் பார்த்தேன். 'தபான்' என்றால் சந்திக்கிறேன். 'தபன்' என்றால் கொல்கிறேன். தமிழனுக்குக் குறில் நெடில் தெரியாதா? அன்று எனக்குத் தெரியவில்லை. நெடில் வர வேண்டிய இடத்தில் குறிலைப் போட்டேன். என் அம்மாவைக் கொல்கிறேன் என்று அழுதுகொண்டே சொன்னவனை அந்த மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிக்கவில்லை. 'தபா...ன்' என்று மெதுவாக நீட்டிச் சொல்லிக் காட்டி, நாற்காலியை நகர்த்திப் போட்டு, தலைநகரத்துக்குப் போன் செய்தார். அவர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். நடுவில் விடுமுறை நாட்கள். பாஸ்போர்ட் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று.

பதினோராம் நாள் நான் மீனம்பாக்கத்தில் இறங்கினேன். சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். அப்பா விமான நிலையத்துக்கு வந்திருந்தார். "பிளேன்ல சாப்பாடு குடுத்தானா?" என்று கேட்டார். வீடு வரைக்கும் அது ஒன்றுதான் பேச்சு.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரன் அலுவலகத்தைத் திட்டினார்கள். "பெத்தவ செத்துக் கெடக்கா, ஒரு முத்திரை குத்த ஒன்பது நாளா? ஈவிரக்கம் இல்லாத ஜனங்க" என்றாள் அத்தை. நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன். இழுப்பறையில் இரண்டு மாதம் கிடந்த படிவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போன் செய்வேன். "இருக்கேன்", "சாப்ட்டேன்", "சரி, வெச்சிடறேன்." இந்த மூன்றுக்கு மேல் அப்பாவிடமிருந்து நான்காவது வாக்கியம் வந்ததில்லை.

3

தொண்ணூற்றெட்டில், அம்மாவின் இரண்டாம் வருஷத் திதிக்காக நானும் கயலும் ஆறு வாரம் சென்னைக்குப் போனோம். மாலதி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

கயலுக்கு அப்போது எட்டு வயது. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். தமிழில் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் பின்னிஷில்தான் வரும். நானும் மாலதியும் அதட்டியும் கெஞ்சியும் பார்த்து விட்டுவிட்டோம். போவதற்கு முன் அவளுடைய டீச்சர் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார். இந்த ஊருக்கு வரும் பறவைகளில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்புகின்றன. வெகு சில மட்டும் குளிர்காலத்துக்கு இந்தியாவுக்குப் போகின்றன. அதில் ஒன்று நாணல் கதிர்க்குருவி. நீ இந்தியா போகிறாயே, அதைப் பார்த்துவிட்டு வா. இந்தியா என்றால் எங்கள் பள்ளிக்கூட மைதானம் அளவு இருக்கும் என்று டீச்சர் நினைத்தாரோ என்னவோ. டீச்சர் போட்டுக் காட்டிய கேசட்டில் அதன் சத்தத்தைக் கயல் பத்துத் தடவை கேட்டிருந்தாள்.

"மந்தைவெளியில காக்காதான் இருக்கு, சொல்லிடு அவகிட்ட" என்றார் அப்பா.

முதல் நாளே ஒரு சிக்கல். பின்னிஷில் ஆமாம் என்பதற்கு 'யோ' என்பார்கள். இல்லை என்பதற்கு 'ஏய்'. அப்பா அவளுக்கு இட்லி வைத்துவிட்டு, "சட்னி வேணுமா?" என்றார்.

"யோ."

அப்பா என்னைப் பார்த்தார். "பொடி?"

"ஏய்."

இஸ்திரி போட்ட துணிக் கட்டோடு வாசலில் நின்றிருந்த ஏழுமலை குலுங்கிச் சிரித்தார். "இன்னா சார், சீமையிலேர்ந்து வந்த பேத்தி உன்னயே யோவ், ஏய்ன்றா!"

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை நான் "காபி வேணுமாப்பா?" என்று கேட்டதற்கு, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "யோ" என்றார்.

ஏழுமலையின் வண்டி எங்கள் வாடகை வீட்டின் வெளிப்புறத்தில், மருதாணி வேலியை ஒட்டி நிற்கும். வீடு அவருக்குப் பட்டினப்பாக்கத்தில். காலை எட்டுக்கு வந்து கரி போட்டுப் பெட்டியைச் சூடேற்றினாரென்றால் சாயங்காலம் வரை அங்கேதான். எங்கள் தெருவில் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் சட்டையை மடித்துக்கொண்டே அவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் நான் ஒரு சான்றிதழ் விஷயமாகச் சைதாப்பேட்டைக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பினேன். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் கயல், இன்னொன்றில் அப்பா. இருவரும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலிக்கு இரண்டு கை தூரத்தில், கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்டைத் திறந்ததும் அப்பா திரும்பாமலே கையை உயர்த்தி, சத்தம் போடாதே என்று காட்டினார்.

ஏழுமலை என்னிடம் கிசுகிசுத்தார். "பாப்பா காலைல எங்கிட்ட வந்து டக், டக்னு சொல்லிச்சு. இன்னாடா இதுன்னு பாத்தேன். அப்பால புரிஞ்சிபோச்சி. தோ, இந்த வேலில ஒண்ணு டெய்லி டக்கு டக்குன்னு கத்திக்கினே கீதே, அத்த கேக்குதுன்னு. மழைக்கு முன்னால வரும் தம்பி, வெயில் ஏறச்சொல்லோ பூடும். வருசா வருசம். காட்னேன். அவ்ளோதான், தாத்தா பேத்தி ரெண்டு பேரும் சோறு கூட துன்னாம குந்திக்கினு கீறாங்க."

நானும் நின்று கேட்டேன். வேலிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பல்லி சொல்வதைவிடக் கொஞ்சம் கனமாக. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டக்'. இருபத்தேழு வருஷம் அந்தத் தெருவில் இருந்திருக்கிறேன். கேட்டதே இல்லை. கேட்டிருப்பேன், காதில் ஏறியிருக்காது.

"வெளிய வராது" என்றார் அப்பா என்னிடம், மெல்லிய குரலில். "வால் மட்டும் ரெண்டு தடவை பாத்தேன். மண்ணு கலர். அவ்வளவுதான், ஒண்ணும் விசேஷம் இல்ல." சொல்லிவிட்டு மறுபடி வேலியைப் பார்த்தார்.

அப்பா ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். கயல் சொன்ன பின்னிஷ் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருந்தார், 'வீத்தகெர்த்துனென்' என்று. ஒற்று வருமா வராதா என்று அவளிடமே இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, முதல் 'த்'தை அடித்திருந்தார்.

மிச்சமிருந்த நாலு வாரமும் அவர்கள் காலையில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்தார்கள். அவர் தமிழில் பேசுவார். அவள் பின்னிஷில் பேசுவாள். இரண்டு பேரும் நிறுத்தவில்லை. நடுவில் போய் மொழிபெயர்க்க நான் ஒருமுறை முயன்றபோது, "நீ போய் உன் வேலையைப் பாரு" என்றார் அப்பா. எங்களுக்குள் அப்போதும் மூன்று வாக்கியம்தான்.

4

நாங்கள் திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் கயல் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பாவின் கையெழுத்து, அச்சுக் கோத்த மாதிரி. 'அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்' என்று தலைப்பில் எழுதியிருந்தார். மாலதி படித்துக் காட்டினாள். அன்றிலிருந்து வாராவாரம்.

'செவ்வாய் காலை ஏழு தடவை. புதன் நான்கு. வியாழன் மின்சாரம் இல்லை, ஆனால் அது வந்தது.' இப்படித்தான் இருக்கும். ஒரு கடிதத்தில் வீட்டுக்காரர் வேலியை வெட்டிவிட்டு மதில் எழுப்பப் போவதாகச் சொன்னதை எழுதியிருந்தார். 'ஏப்ரல் முடியட்டும் என்றேன். எதற்கு சார் என்றார். குருவி இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏழுமலை, "சார் ரிடைராயிட்டாரு, இன்னா பண்ணுவாரு பாவம்" என்று எனக்காகப் பரிந்து பேசினான். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். இப்போதைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்.'

கயல் அந்தக் கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். நான் கேட்டால் மாலதி சொல்வாள், இல்லாவிட்டால் இல்லை. அப்பா எனக்கு எழுதவில்லையே, நான் ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பும் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு கடிதம் வந்தபோது மாலதி வேலை விஷயமான ஒரு பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். கயல் உறையைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

'அன்புள்ள கயலுக்கு. மூன்று நாளாகச் சத்தம் இல்லை. ஏழுமலையும் கேட்கவில்லை என்கிறான். கிளம்பிவிட்டது. ஒரு மாதத்தில் உன் ஊருக்கு வந்து சேரும் என்று நீ கையைக் காட்டிச் சொன்னது எனக்குப் புரிந்தது. வந்ததும் எனக்குத் தகவல் சொல்ல வேண்டும்.'

அடுத்த பத்தி.

'உன் பாட்டி இறந்தபோது உன் அப்பா வரவில்லை. அதை என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் நீ வந்து போன பிறகு, அவனை நினைத்தால் முன்பு போல் நெஞ்சு எரியவில்லை. இதை உன் அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.'

படிக்கத் தொடங்கிய வாக்கியத்தை நடுவில் விழுங்க முடியவில்லை. வாசித்து முடித்துவிட்டேன். கயல் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பின்னிஷில் சொன்னாள்: "உன்கிட்டே சொல்லக் கூடாதுன்னு தாத்தா எழுதியிருக்காரே. நீ படிச்சிட்டியே."

5

மே மூன்றாம் வாரத்திலிருந்து நாங்கள் காத்திருக்கத் தொடங்கினோம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதன் கரையில் புதர். அதற்கு முந்தின வருஷம் அங்கேதான் பாடியது என்று டீச்சர் சொல்லியிருந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் போய்விடுவோம். இந்த ஊரில் அப்போது சூரியன் வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கொசு பிடுங்கும். தகைவிலான்கள் தலைக்கு மேலே அலையும். புதரில் வேறு ஏதேதோ பாடும். ஒவ்வொன்றுக்கும் நான் கயலைப் பார்ப்பேன், அவள் தலையை ஆட்டிவிடுவாள்.

ஒரு வாரம் போயிற்று. மே முடிந்தது. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். ஞாயிறு போனில் அப்பா நான்காவதாக ஒரு வாக்கியம் கேட்டார்: "வந்துதா?" இல்லை என்றேன். "சரி, வெச்சிடறேன்."

வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று நான் கவலைப்படத் தொடங்கிவிட்டேன். மந்தைவெளி வேலியில் இருந்த அதே குருவி இந்த வாய்க்காலுக்குத்தான் வரும் என்று யாரும் சொல்லவில்லை. டீச்சரே, அப்படி இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று சொல்லியிருந்தார். ஆனால் காத்திருக்கும்போது அப்படி நினைக்க முடிவதில்லை.

ஒரு நாள் காலை, நின்றுகொண்டே கயல் கேட்டாள். "பாட்டி செத்தப்போ நீ ஏன் போகல?"

வழக்கமான பதில் வாய் வரை வந்தது. அலுவலகம், முத்திரை, ஒன்பது நாள். அவள் என்னைப் பார்க்காமல் புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ அந்தப் பதிலைச் சொல்ல வரவில்லை. இழுப்பறை, படிவம், அவள் அம்மா வாராவாரம் ஞாபகப்படுத்தியது, நான் தள்ளிப்போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை எட்டு வயதுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

"ஏய்" என்றேன், அவள் மொழியில்.

ஜூன் மாதம் பிறந்து நாலைந்து நாள் கழித்து அது வந்தது. நான் பார்க்கவில்லை. கயல் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். புதருக்குள் முதலில் அந்த 'டக், டக்'. பிறகு பாட்டு. ஒரு துண்டு பாடும், அதையே திருப்பிப் பாடும், நிறுத்தும், வேறு ஒரு பறவையின் குரலைக் கொஞ்சம் எடுத்துப் போடும், மறுபடி முதலிலிருந்து. அவசரமே இல்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அப்புறம் அவள் வீட்டை நோக்கி ஓடினாள்.

எங்கள் வீடு தரைத்தளம். புதர் ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரம். நான் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தேன். மந்தைவெளியில் காலை ஒன்பதரை ஆகியிருக்கும்.

"தாத்தா" என்றாள் கயல். மூச்சு வாங்கியது. பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "குருவி... வந்தது. நான் கேட்டேன். நீ... கேள்" என்றாள். போனின் சுருள் வயரை இழுத்த வரைக்கும் இழுத்து, ஜன்னலுக்கு வெளியே பிடித்தாள்.

அப்பாவுக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியாது. கயலிடமிருந்து நான் போனை வாங்கியபோது அவர் பேசிக்கொண்டிருந்தார். "...இங்க இருந்த வரைக்கும் ஒரு நாளும் பாடலையே! இதுவா பாடுது?"

"ஆமாப்பா. நான்தான் பேசறேன்."

"ஓ" என்றார்.

வழக்கம்போல 'வெச்சிடறேன்' வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னேன். யார் மேலும் தப்பில்லை, படிவத்தை நான்தான் கொடுக்காமல் வைத்திருந்தேன் என்றேன். அத்தை திட்டியபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அந்தக் கடிதத்தை நான் படித்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

 

"அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை காலையிலதான் நெஞ்சு வலி வந்துதுன்னு உங்கிட்ட சொன்னேன் இல்ல?" என்றார் அப்பா. "இல்லடா. திங்கக்கிழமையே ஆஸ்பத்திரில சேத்துட்டேன். டாக்டர் பயமில்லன்னார். செவ்வாக்கிழமை நல்லா பேசிட்டுதான் இருந்தா. உனக்கு ஒரு போன் போடுங்கன்னு கேட்டா. நான்தான், அவன் பயந்து லீவு போட்டு ஓடி வருவான், ரெண்டு நாள் பாக்கலாம்னேன். மறுபடியும் கேட்டா. அப்பவும் அதையே சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வார்டுக்கு வெளியவே எஸ்டிடி பூத் இருந்துது. ரெண்டு நிமிஷம் பேசியிருப்பா."

நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கயல் வெளியே ஓடிவிட்டிருந்தாள்.

"உன் மேல கோவமா இருந்தா இதை நெனைக்க வேண்டாம் பாரு" என்றார் அப்பா. "அதான்."

 அம்மா என்னிடம் என்ன பேசியிருப்பாள் என்று யோசித்தேன். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பாள். குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டாயா என்றிருப்பாள்.

"பரவாயில்லப்பா" என்றேன். அது சரியான சொல் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"என்ன பரவாயில்ல" என்றார் அவரும். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ரெண்டு பேரையும் நல்லா கேட்டிருப்பா, இருந்திருந்தா."

அப்புறம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. யாரும் வைக்கவும் இல்லை. மந்தைவெளியில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கேட் திறக்கும் சத்தம். தூரத்திலிருந்து ஏழுமலையின் குரல்: "சார், துணி ரெடியா கீது, எட்த்துக்கினு வந்துட்டேன். வாங்கி வெச்சிக்கோ சார்."

"அப்பறம் வா ஏழுமலை" என்றார் அப்பா. "பையன் லைன்ல இருக்கான். பேசிட்டு இருக்கேன்."